எறிகணைக் கணக்கிலிருந்து இலத்திரன் கணக்குக்கு: டக்ளஸ் ஹார்ட்ரீயின் வாழ்க்கை

எறிகணை ஒன்று எங்கே போய் வெடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்வது ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் விடை நிலத்தில் எப்படியிருக்கும் என்பதை எமது மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவர்களைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. முதலாம் உலகப் போரில் அந்த வேலைக்கு எடுக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவர், போர் முடிந்த பின்னர் அதே கணக்குப் பழக்கத்தை அணுவுக்குள் கொண்டுபோனார். இன்று இரசாயனவியலாளர்கள் மூலக்கூறுகளின் இயல்புகளைக் கணினியில் கணிக்கும்போது, அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளத்தில் இருப்பது அவருடைய முறைதான். வீடியோ விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட கிராபிக்ஸ் அட்டைகளில் இப்போது அசுர வேகத்தில் ஓடுவதும் அதுவே. அவர் பெயர் டக்ளஸ் ரெய்னர் ஹார்ட்ரீ.

1897 மார்ச் 27 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹார்ட்ரீ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் விரிவுரையாளர். 1913 இல், ஓய்வு வயது வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே, வேலையை விட்டுவிட்டார். தாய் ஈவா பெண்கள் அமைப்புகளில் முன்னின்று உழைத்தவர். பின்னாளில் கேம்பிரிட்ஜ் நகரின் முதலாவது பெண் மேயரானவர். வசதியான குடும்பம்தான். ஆனால் அந்த வீட்டில் சாவும் அடிக்கடி வந்துபோனது. டக்ளஸின் உடன்பிறந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். 1920 இல் கடைசித் தம்பியும் போன பின்னர், பெற்றோருக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை டக்ளஸ். தந்தையும் மகனும் பின்னர் சேர்ந்து செய்த வேலையைப் பற்றி வாசிக்கும்போது இதையும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

1915 இல் கேம்பிரிட்ஜின் சென் ஜோன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு தொடங்கியதுமே போர் குறுக்கிட்டது. உடற்தொழிலியல் ஆய்வாளரான ஏ.வி. ஹில், விமான எதிர்ப்புப் பீரங்கிகளைப் பற்றி ஆராய ஒரு குழுவைத் திரட்டியிருந்தார். டக்ளஸ் அதில் சேர்ந்தார். தந்தை வில்லியமும் அதே குழுவில் இருந்தார்.

அவர்களிடம் வந்த சிக்கல் புதியது. நிலத்தில் அசையாமல் நிற்கும் இலக்குக்குப் பீரங்கி சுடுவதற்கு இராணுவங்களிடம் ஏற்கெனவே அட்டவணைகள் இருந்தன. விமானமோ வானத்தில், ஓடிக்கொண்டே இருக்கும் இலக்கு. எறிகணை மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, தடை குறைகிறது, வேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது. இதற்கு ஒரே வரியில் விடை தரும் சூத்திரம் எதுவுமில்லை. எறிகணையின் பயணத்தைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டின் முடிவில் அது எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும். ஒரு பாதைக்கே பக்கம் பக்கமாக எண்கள். ஒரு இடத்தில் பிழை விட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பிழை. பென்சிலும் காகிதமுமாக இருந்து இதைச் செய்து பழகியபோதுதான் ஹார்ட்ரீக்கு எண்கணக்கின்மேல் வாழ்நாள் முழுக்க நீடித்த ஒரு பிடிப்பு உண்டானது.

போர் முடிந்து திரும்பியவர் இரண்டாம் வகுப்பில்தான் சித்தியடைந்தார். 1921 இல் நீல்ஸ் போர் கேம்பிரிட்ஜுக்கு வந்து அணுவைப் பற்றி ஆற்றிய உரைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1926 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வெளியானது.

அந்தச் சமன்பாடு இலத்திரன்களை அலைகளாகக் கருதி, அணுவொன்றில் அவை எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லக்கூடியது. ஐதரசன் அணுவில் இருப்பது ஒரேயொரு இலத்திரன். அதற்குச் சரியான விடையைக் காகிதத்திலேயே எழுதிவிடலாம். ஹீலியத்துக்குப் போனால் இலத்திரன்கள் இரண்டாகிவிடுகின்றன. ஒன்றையொன்று தள்ளுகின்றன. முதலாவது எங்கே இருக்கும் என்பது இரண்டாவது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவதின் நிலையும் அப்படியே. சமன்பாடு கையில் இருக்கிறது, தீர்க்க வழியில்லை. இரும்பு அணுவில் இலத்திரன்கள் இருபத்தாறு.

ஹார்ட்ரீயின் யோசனையை ஒரு நெரிசலான பேருந்தை வைத்து விளக்கலாம். ஏறியவர்கள் ஒவ்வொருவரும் மற்றவர்களின் நெருக்குதலைப் பார்த்துத் தமக்கு ஒரு இடம் பிடிக்கிறார்கள். ஒருவர் அசைந்தால் பக்கத்திலுள்ளவரும் அசைய வேண்டியிருக்கிறது. அவர் அசைய இன்னொருவர் நகர்கிறார். சற்று நேரத்தில் யாரும் அசையத் தேவையில்லாத ஒரு நிலை வந்துவிடுகிறது. ஹார்ட்ரீ முதலில் எல்லா இலத்திரன்களுக்கும் உத்தேசமாக ஒரு பரவலை எழுதிக்கொள்வார். பிறகு ஓர் இலத்திரனை எடுத்து, மற்றவை எல்லாம் சேர்ந்து ஒரு மேகமாக அதன்மேல் செலுத்தும் சராசரித் தள்ளுவிசையைக் கணக்கிட்டு, அதற்கான அலையைக் கண்டுபிடிப்பார். இப்படி ஒவ்வொன்றுக்கும் செய்து முடித்ததும் ஒரு புதிய மேகம் கிடைக்கும். பழைய மேகத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். தொடங்கிய மேகமும் முடிந்த மேகமும் ஒன்றாகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார். தன்னோடு தானே ஒத்துப்போகும் புலம் என்று இந்த முறைக்குப் பெயர். 1928 இல் வெளியிட்டார். ஒவ்வொரு இலத்திரனின் அலையையும் அவர் கண்டுபிடித்தது எறிகணைக் கணக்கின் அதே பாணியில்தான். அங்கே நேரத்தை வெட்டினார்கள். இங்கே கருவிலிருந்தான தூரத்தை வெட்டினார், அவ்வளவுதான்.

எமது உயர்தர இரசாயனவியல் மாணவர்கள் 1எஸ் இரண்டு, 2எஸ் இரண்டு, 2பி ஆறு என்று மனப்பாடமாக எழுதும் இலத்திரன் நிலையமைப்புக்குப் பின்னாலும் இந்தப் படம்தான் இருக்கிறது. ஒவ்வொரு இலத்திரனுக்கும் தனக்கென்று ஒரு ஒழுக்கு உண்டு என்று பல இலத்திரன் அணுவிலும் பேச முடிவது, மற்றவற்றை ஒரு மேகமாகச் சராசரியாக்கிவிடுவதால்தான்.

அன்றைய கோட்பாட்டாளர்களில் சிலருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அழகான கோட்பாட்டில் எண்களைக் கொட்டிக் குழப்புவதாக நினைத்தார்கள். அந்த அதிருப்தியில் ஓரளவு நியாயமும் இருந்தது. இலத்திரன்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்த முடியாதவை, எந்த இரண்டை இடம் மாற்றினாலும் அலையின் குறி மாற வேண்டும் என்ற விதியை ஹார்ட்ரீ தன் சமன்பாடுகளில் முழுமையாகச் சேர்த்திருக்கவில்லை. 1930 இல் லெனின்கிராட்டில் விளாடிமிர் ஃபொக்கும் அமெரிக்காவில் ஜோன் சிலேட்டரும் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார்கள். ஃபொக் திருத்தப்பட்ட சமன்பாடுகளையும் தந்தார். ஹார்ட்ரீ இதில் வீம்பு பிடிக்கவில்லை. திருத்திய சமன்பாடுகள் பல மடங்கு கடினமானவை. அவற்றையும் கையாலேயே தீர்க்கத் தொடங்கினார். ஹார்ட்ரீ-ஃபொக் முறை என்று இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருப்பது இதுதான்.

அந்தக் கணக்குகளைப் போட்ட கை யாருடையது? 1929 இல் ஹார்ட்ரீ மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிவிட்டார். விரிவுரை, மாணவர், நிர்வாகம் எல்லாம் சேர்ந்துகொண்டன. அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் வேலையை விட்டு வீட்டிலிருந்த தந்தை வில்லியம். கைப்பிடியைச் சுற்றி இயக்கும் மேசைக் கணக்கு இயந்திரம் ஒன்றுடன் உட்கார்ந்து, அணு அணுவாக எண்களைத் தீர்த்தார். பதவியும் இல்லை, அதற்கென்று சம்பளமும் இல்லை. 1930களின் நடுப்பகுதியிலிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் டி.ஆர். ஹார்ட்ரீ, டபிள்யூ. ஹார்ட்ரீ என்று இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெரிலியம், கல்சியம், செம்பு என்று அந்த வரிசை நீண்டது. கணிதவியலாளரான பெர்த்தா ஸ்வேர்ள்ஸும் சில கட்டுரைகளில் சேர்ந்துகொண்டார். 1943 இல் இறக்கும்வரை தந்தை இந்த வேலையை விடவில்லை.

இதற்கிடையில் ஹார்ட்ரீ மனிதக் கைக்குப் பதிலாக ஒரு இயந்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் வன்னேவர் புஷ் என்ற பொறியியலாளர் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெரிய இயந்திரம் ஒன்றைக் கட்டியிருந்தார். சுழலும் தட்டின்மேல் ஒரு சக்கரம் உருளும். தட்டின் மையத்திலிருந்து சக்கரம் இருக்கும் தூரம் மாற மாற, அது சுற்றும் அளவே தொகையீட்டின் விடையாகிவிடும். 1933 இல் ஹார்ட்ரீ நேரில் போய் அதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தோன்றியது, இது சிறுவர்கள் விளையாடும் மெக்கானோப் பெட்டியில் உள்ள சக்கரங்களும் கம்பிகளும் போலவே இருக்கிறதே என்பது. ஊர் திரும்பி, ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவருடன் சேர்ந்து 1934 இல் மெக்கானோத் துண்டுகளால் அதைக் கட்டியே விட்டார். செலவு ஏறத்தாழ 20 பவுண். துல்லியம் நூற்றுக்கு இரண்டு வீதப் பிழைக்குள் இருந்தது. விளையாட்டுச் சாமான்தான். ஆனாலும் அதைக்கொண்டு உண்மையான அணுக் கணக்குகளைச் செய்தார்கள். அதைக் காட்டித்தான் முழு அளவு இயந்திரத்துக்குப் பணம் திரட்ட முடிந்தது. மெட்ரோபொலிட்டன் விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய அந்தப் பெரிய இயந்திரம் 1935 இல் மன்செஸ்டரில் இயங்கத் தொடங்கியது. புகையிரதங்களில் பெரும் பிரியம் கொண்ட ஹார்ட்ரீ, புகையிரத ஓட்ட நேரங்களைக் கணக்கிடவும் அதைப் பயன்படுத்தினார்.

இரண்டாம் உலகப் போரில் அந்த இயந்திரமும் ஆட்களும் அரசாங்கத்தின் கைக்குப் போனார்கள். ராடார் கருவியின் இதயமான மக்னட்ரோன் குழாய்க்குள் இலத்திரன்கள் எப்படிச் சுழல்கின்றன என்பது அவரது குழுவுக்கு வந்த கணக்குகளில் ஒன்று. யோசித்துப் பார்த்தால், அங்கேயும் இலத்திரன்கள் உருவாக்கும் புலத்திலேயே அவை ஓட வேண்டும், ஓடும் விதம் புலத்தை மாற்றும். அணுவில் பழகிய அதே சுற்றுத்தான். அந்தக் குழுவில் இருந்த ஜோன் கிராங், ஃபிலிஸ் நிக்கல்சன் இருவரும் 1947 இல் வெளியிட்ட வெப்பப் பரவல் கணக்கு முறையைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் கற்கிறார்கள்.

போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவில் எனியாக் என்ற இலத்திரனியல் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 தொன் எடை. அதைக் கட்டச் சொன்னதும் இராணுவம்தான். நோக்கமும் பழையதே: பீரங்கிகளுக்கான எறிகணை அட்டவணைகள். ஒரு பாதையைக் கையால் கணக்கிடப் பெண் ஒருவருக்கு முப்பது, நாற்பது மணித்தியாலம் பிடித்தது. எனியாக் அதை அரை நிமிடத்தில் செய்தது. இயந்திரம் முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. இனி இதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் ஹார்ட்ரீ. 1946 இல் அங்கே போய், வேகமான காற்றோட்டம் பற்றிய கணக்கொன்றைத் தானே அதில் ஓட்டினார்.

அவருக்கு அந்த இயந்திரத்தில் உதவியவர் கதலீன் மெக்நல்டி. இவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனமில்லை. அயர்லாந்து விடுதலைப் போர் நடந்த 1921 இல் டொனெகல் பகுதியில் பிறந்தவர். பிறந்த இரவிலேயே போராளியான தந்தை கைது செய்யப்பட்டார். தந்தை விடுதலையான பின்னர் குடும்பம் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தபோது, மூன்று வயதுச் சிறுமிக்கு ஐரிஷ் மொழி மட்டுமே தெரியும். எறிகணைப் பாதைகளைக் கையால் கணக்கிடும் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் எனியாக்கின் முதல் ஆறு நிரலாளர்களில் ஒருவரானார்.

1946 இல் ஹார்ட்ரீ கேம்பிரிட்ஜுக்கே பேராசிரியராகத் திரும்பினார். கணினிகள் ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் பயன்பட வேண்டும் என்று ஊக்குவித்தவர்களில் அவரும் ஒருவர். தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம் வர்த்தகக் கணக்குகளுக்காக லியோ என்ற கணினியைக் கட்டியபோது அவருடைய ஆதரவு அதற்கு இருந்தது. ஆனால் முழு இங்கிலாந்துக்கும் மூன்று கணினிகள் போதும் என்று அவர் கருதியதாகவும் ஒரு கதை உண்டு. அவரிடம் ஆலோசனை கேட்கப் போன ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது இது. உண்மையாக இருந்தால், தன் வாழ்நாள் முழுதும் கணக்கு வேகத்துக்காக ஏங்கிய மனிதரே அந்த ஏக்கம் மற்றவர்களுக்கும் வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜில் 1949 இல் எட்சாக் கணினி இயங்கத் தொடங்கியது. தந்தை வருடக்கணக்கில் சுற்றிய கைப்பிடி வேலை இப்போது துளையிட்ட நாடாவுக்குப் போனது. அணுக் கணக்குகளை எட்சாக்கில் எழுதியவர்களில் ஒருவர் ஹார்ட்ரீயின் மாணவி சார்லட் ஃபுரோஸ். அவர் உக்ரைனில் பிறந்த 1929 ஆம் ஆண்டிலேயே, எல்லை மூடப்படுவதற்கு முன் புறப்பட்ட கடைசி ரயிலில் பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு ஜேர்மனிக்குத் தப்பினார்கள். சில மாதங்கள் அகதி முகாமில் இருந்து, பின்னர் கனடாவுக்குப் போனார்கள். 1957 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஹார்ட்ரீயின் அணுக் கணக்கை வளர்த்துக்கொண்டிருந்தார். அணுக்களின் கட்டமைப்பைக் கணிப்பது பற்றிய ஹார்ட்ரீயின் நூலும் அதே 1957 இல்தான் வந்தது. 1958 பெப்ரவரி 12 அன்று, 60 வயதில், மாரடைப்பால் அவர் காலமானார். பியானோ வாசிப்பவர், அமெச்சூர் இசைக்குழுவை நடத்தியவர், யாருக்கும் நேரம் ஒதுக்குபவர் என்றே அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

அவர் கணக்கிட்டவை பெரும்பாலும் தனி அணுக்கள். அணு உருண்டையானது, அதனால் தூரம் ஒன்றை மட்டும் வெட்டினால் போதும். மூலக்கூறு அப்படியல்ல. அங்கே இலத்திரன் மேகத்தைப் பல சிறு சார்புகளின் கூட்டாக எழுத வேண்டும். ஒவ்வொரு நான்கு சார்புகளுக்கும் ஒரு தள்ளுவிசைத் தொகையீடு வரும். 100 சார்புகள் என்றால் ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் தொகையீடுகள். 200 ஆக்கினால் 20 கோடி. 1,000 ஆனால் 12,500 கோடி. கேம்பிரிட்ஜிலேயே இருந்த பிரான்சிஸ் போய்ஸ், காவுசின் மணிவடிவச் சார்புகளைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தொகையீட்டையும் நேரடிச் சூத்திரத்தால் பெறலாம் என்று 1950 இல் காட்டினார். சூத்திரம் எளிதானது, எண்ணிக்கைதான் மலைபோல் நின்றது.

அந்த மலையை உடைக்கக் கைகொடுத்தது மறுபடியும் ஒரு விளையாட்டுச் சாமான். கிராபிக்ஸ் அட்டை என்பது திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளின் நிறத்தை ஒரே நேரத்தில் கணக்கிடுவதற்காக, நூற்றுக்கணக்கான சிறு கணிப்பான்களை வரிசையாக அடுக்கிச் செய்த கருவி. ஒரு புள்ளி மற்றப் புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை. இலத்திரன் தொகையீடுகளும் அப்படித்தான், ஒன்று மற்றதை எதிர்பார்ப்பதில்லை. 2008 இல் ஜப்பானில் கோஜி யசுதாவும், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இவான் உஃபிம்ட்செவ், டொட் மார்ட்டினெஸ் ஆகியோரும் இந்த அட்டைகளில் அவற்றைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அன்றைய வழமையான செயலி ஒன்றில் ஓடிய நிரலைவிட நூறு மடங்குக்கு மேற்பட்ட வேகம் சில கணக்குகளில் கிடைத்தது. நன்றாகச் செதுக்கப்பட்ட நிரல்களோடும், பல கருக்கள் கொண்ட செயலிகளோடும் ஒப்பிட்டால் அந்த இடைவெளி குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு தடங்கலும் இருந்தது. விளையாட்டுக்கு ஏழு இலக்கத் துல்லியம் தாராளம். இரசாயனத்துக்கு அது போதாது, பெரிய எண்களைக் கழித்து மிகச் சிறிய வித்தியாசத்தைத் தேடும் கணக்கு அது. பெரிய தொகையீடுகளை மட்டும் பதினாறு இலக்கத் துல்லியத்திலும், சிறியவற்றை ஏழு இலக்கத்திலும் கணக்கிடுவதே கண்டுபிடிக்கப்பட்ட வழி. 2011 இல் மார்ட்டினெஸின் குழு இன்னொரு படி போனது. உத்தேச மேகத்தோடு தொடங்கும் முதற் சுற்றுகளில் குறைந்த துல்லியம் போதும், மேகங்கள் ஒத்துப்போக நெருங்க நெருங்கத் துல்லியத்தைக் கூட்டலாம். கைப்பிடி சுற்றிக் கணக்கிட்ட எவரும் இதைப் புதுமை என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்று பைஎஸ்சிஎஃப் போன்ற இலவச நிரல்களிலும் கிராபிக்ஸ் அட்டையில் ஓடும் வடிவம் கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தில் பெரிய கணினி இல்லாவிட்டாலும், என்விடியா அட்டையுள்ள மேசைக் கணினியொன்றில் ஒரு மாணவி நடுத்தர அளவு மூலக்கூறொன்றுக்கு ஹார்ட்ரீ-ஃபொக் கணக்கைப் போட்டுப் பார்க்க முடியும். அட்டை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விளையாட்டுக்கென விற்கப்படும் புதிய அட்டைகளில் பதினாறு இலக்கக் கணக்கு, ஏழு இலக்கக் கணக்கைவிட அறுபத்துநான்கு மடங்கு மெதுவாகவே ஓடும். இரண்டும் வேகமாக ஓடும் அட்டைகளை அதே நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கெனத் தனியாக, பல மடங்கு விலையில் விற்கிறது.